பள்ளியிலிருந்து பிள்ளை முதல் முறை வெளிநாடு போகிறது: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் மகள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து சிங்கப்பூர் போய் வந்தாள். அதிலிருந்து காவேரிப்பட்டணத்துச் சொந்தக்காரர்கள், பாலக்கோட்டுப் பக்கத்துத் தெரிந்தவர்கள், அவள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்று யாராவது போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். சிங்கப்பூரை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் பாதிக்கு மேல் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் பள்ளியைக் கேள்வி கேட்டுத் துளைத்து எடுங்கள். பிள்ளை விமானம் ஏறிய பிறகு சும்மா இருங்கள். நம் பக்கத்தில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. பணத்தைக் கேட்காமல் கட்டிவிடுகிறோம், அப்புறம் ஐந்து நாளும் வாட்ஸ்அப்பில் ஆசிரியரைப் பிடித்து ஆட்டுகிறோம்.

இவ்வளவு செலவு செய்து அனுப்பத்தான் வேண்டுமா?

வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாங்காய் சீசன் சரியாக அமையாத வருஷத்தில், வட்டிக்கு வாங்கி அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கடனை அடைப்பதற்குள் பிள்ளைக்கே அந்தப் பயணம் கசந்துவிடும். கையில் இருக்கிறது, அடுத்த வருஷக் கல்லூரிச் செலவைத் தொடவில்லை என்றால் அனுப்புங்கள். படிப்புக்கு உதவும் என்று பள்ளி சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சயன்ஸ் சென்டரில் அரை நாள் சுற்றினால் மார்க் ஏறாது. தன் பாஸ்போர்ட்டைத் தானே பத்திரமாக வைத்திருப்பது, தன் துணியைத் தானே மடித்து வைப்பது, தன் காசைத் தானே எண்ணிச் செலவு செய்வது, இதெல்லாம் அம்மா பக்கத்தில் இல்லாதபோதுதான் வரும். ஊட்டிக்கு அனுப்பினாலும் இதில் பாதி வரும் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அதுவும் உண்மைதான்.

பணம் கட்டும் முன் பள்ளியிடம் என்ன கேட்பது?

சர்க்குலரில் ஹோட்டல் படமும் யுனிவர்சல் ஸ்டூடியோ படமும் இருக்கும். நமக்கு வேண்டியது எதுவும் அதில் இருக்காது.

முதலில், கூட வருகிறவர்கள் யார். எத்தனை ஆசிரியர்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், ஒருவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள். “போதுமான ஆட்கள் வருகிறார்கள் மேடம்” என்று பதில் வந்தால் விடாதீர்கள், பெயரைக் கேளுங்கள். டூர் கம்பெனி ஆளை ஆசிரியர் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவருக்குப் பிள்ளைகளின் முகமே தெரியாது.

அடுத்தது அறை. ஒரு அறையில் எத்தனை பேர், யாரோடு யார், எல்லா அறையும் ஒரே மாடியிலா, ராத்திரி ஆஜர் எடுப்பது யார். பிள்ளைகளுக்குப் பயணத்தில் பெரிய சண்டையே யாரோடு படுப்பது என்பதில்தான் வருகிறது. இதைக் கடைசி நேரத்துக்கு விடாமல் இங்கேயே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பி வரும், பிள்ளைக்கு அந்த வாரம் காய்ச்சல் வந்தால் எவ்வளவு, பள்ளியே ரத்து செய்தால் எவ்வளவு. மூன்றும் வேறு வேறு கேள்வி, மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும். சாப்பாடு, உள்ளூர் பஸ், நுழைவுச் சீட்டு எல்லாம் தொகையில் அடக்கமா என்பதையும் அதே தாளில் கேளுங்கள். ரசீது டூர் கம்பெனி பெயரிலா பள்ளி பெயரிலா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது நம் பான் எண்ணில் ஏறியிருந்தால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்ப வாங்கலாம். அதனால் யார் கணக்கு தாக்கல் செய்கிறாரோ அவருடைய பான் எண்ணைக் கொடுங்கள். தாத்தா பணம் கட்டுகிறார் என்பதற்காக அவர் எண்ணைக் கொடுத்துவிட்டு முழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்டால் பிள்ளையைப் பள்ளியில் ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று ஒரு அம்மா கேட்டார். பார்க்கட்டும். ஒழுங்காக ஏற்பாடு செய்த பள்ளிக்கு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பத்து நிமிஷத்தில் பதில் சொல்ல முடியும்.

பாஸ்போர்ட் எடுக்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டுமா?

வேண்டாம். இப்போது தபால் நிலையங்களிலேயே பாஸ்போர்ட் சேவை மையங்கள் இயங்குகின்றன. 2018 முதல் நாட்டில் எந்த ஊர் மையத்தில் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், எங்கே அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போங்கள். ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணம் கட்டி நாள் வாங்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் தட்டிக் கொடுப்பார்கள், ஆனால் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றையும் கடைசி பட்டனை அழுத்துவதற்கு முன் நீங்களே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,000 ரூபாய், தத்கால் என்றால் மேலும் 2,000. ஐந்து வருஷம் அல்லது பதினெட்டு வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். பதினைந்து வயது முடிந்தவர்கள் 1,500 கட்டிப் பத்து வருஷப் பாஸ்போர்ட்டும் கேட்கலாம். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், பதினைந்து தாண்டிய பிள்ளைக்குப் பத்து வருஷம்தான். பிள்ளையும் நேரில் வர வேண்டும், பெற்றோரும் போக வேண்டும். பெற்றோரிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் பிள்ளைக்குப் போலீஸ் விசாரணை பெரும்பாலும் இருக்காது.

ஒன்று முக்கியம்: பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும். சின்ன வயதில் எடுத்து பீரோவில் கிடப்பதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பெயரும் இனிஷியலும் இடிக்கிறதே?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பள்ளியில் “கே. பிரியா” என்று இருக்கும், ஆதாரில் வெறும் “பிரியா” என்று இருக்கும், பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் பெண் குழந்தை என்று இருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் ஒற்றைப் பெயரோடு போனால் சில நாடுகளில் சிக்கல். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுங்கள். “என் பெயருக்குப் பின்னால் எதற்கு அப்பா பெயர்” என்று பெண்பிள்ளை முறைத்தால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை, அவள் கேட்பது நியாயம்தான்.

எப்படி வைத்தாலும் சரி, முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அதன்படி பாஸ்போர்ட், அதன்படி டிக்கெட். விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். பள்ளி தன் ரிஜிஸ்டரைப் பார்த்து டூர் கம்பெனிக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போதுதான் இது கெட்டுப்போகிறது. பாஸ்போர்ட் நகலை நீங்களே அனுப்பி, அதைப் பார்த்து டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

அப்பா வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் முடியுமா?

பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு அனெக்ஷர் டி என்ற உறுதிமொழியில் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா குவைத்திலோ துபாயிலோ இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய உறுதிமொழியை அனுப்பலாம். கணவன் மனைவி பிரிந்து வாழ்கிறார்கள், ஒருவர் சம்மதம் வாங்க முடியவில்லை என்றால் அனெக்ஷர் சி என்று தனிப் படிவம் இருக்கிறது. இது தவிர, ஆசிரியரோடு பிள்ளை பயணம் போகச் சம்மதம் என்று நோட்டரி கையெழுத்தோடு ஒரு கடிதம் பள்ளி கேட்கும். கேட்காவிட்டாலும் ஒன்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

விசாவுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டுமா?

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும், கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் பள்ளியே செய்துவிடும், நாம் போட்டோவும் நகலும் கொடுத்தால் போதும். இது தவிர எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒன்று, இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பயணத்தில் மலேசியாவும் சேர்ந்திருந்தால், ஜொகூர் போய்த் திரும்பி சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைய அந்த விசா இடம் கொடுக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்?

எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். என் மாமியாருக்கு ஒரே பதில்தான் சொன்னேன்: “தனியா இல்லீங்க அத்தை, டீச்சருங்க கூடப் போறாங்க.” அதற்கு மேல் வாதாடவில்லை. பெரியவர்களுக்கு நாட்டின் பெயரை விட, கூட வரும் மிஸ்ஸின் முகம்தான் தைரியம் கொடுக்கிறது. முடிந்தால் அந்த மிஸ்ஸை ஒரு முறை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுங்கள். பிள்ளையின் பையில் நாப்கின் கூடுதலாக இருக்கட்டும். மாதவிலக்கு அந்த நாட்களில் வரும் என்றால் அதை மிஸ்ஸிடம் பிள்ளையே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அந்த அளவுக்கு முன்னாடியே பேசி வையுங்கள்.

ஒன்று கேட்கிறேன். பையனை அனுப்பும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லையே? பையன்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சிங்கப்பூரில் வேப் என்கிற மின்சிகரெட் சட்டப்படி குற்றம், விளையாட்டுக்கு வாங்கி இழுத்துப் பார்த்தாலும் மாட்டிக்கொள்வார்கள். எம்ஆர்டி ரயிலில் தின்றாலோ குடித்தாலோ 500 டாலர் வரை அபராதம். சூயிங்கம் விற்பதற்கு 1992 முதல் தடை, இங்கிருந்து பையில் போட்டுக்கொண்டும் போகக் கூடாது.

பெட்டியில் சாப்பாடு என்னென்ன வைக்கலாம்?

நம் ஊர் அம்மாக்கள் நாம் வேண்டாம் என்றால் கேட்க மாட்டோம், அதனால் எதை வைக்கலாம் என்று சொல்கிறேன். நிப்பட்டு, முறுக்கு, கடலை உருண்டை, பொரி, தேங்காய் சேர்க்காத பருப்புப்பொடி, இவையெல்லாம் தாராளமாக. ஊறுகாய், புளிக்காய்ச்சல், நெய் மூன்றையும் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். கைப்பையில் திரவம் எதுவானாலும் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் கூடாது, ஷாம்புவுக்கும் அதே கணக்கு. கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத்தில் அதை ஏற்றுவதில்லை. கறி, கருவாடு வகைகளும் வேண்டாம்.

கசகசாவை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நமக்கு அது குருமாவுக்குப் போடுகிற சாமான். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அதைப் போதைப்பொருள் கணக்கில் பார்க்கிறார்கள், ஏனென்றால் அது அபினிச் செடியின் விதை. தனிப் பொட்டலமாக யாரும் வைக்க மாட்டோம், ஆனால் வீட்டில் அரைத்த மசாலாப்பொடியில் இருக்கும். பொடி எதையும் கொடுப்பதற்கு முன் அதில் என்ன போட்டீர்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். “அங்கே இருக்கிற என் தங்கச்சிக்கு இந்தப் பொட்டலத்தைக் கொடுத்துடும்மா” என்று யாராவது வந்தால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். பிள்ளையின் பெட்டியில் மற்றவர் பொட்டலம் ஒன்றுகூட ஏறக் கூடாது.

பட்டினி கிடக்கும் என்று பயப்பட வேண்டாம். செராங்கூன் சாலைப் பக்கம் இட்லி தோசைக்குப் பஞ்சமே இல்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், காலி பாட்டில் ஒன்று கொடுத்தால் போதும். பவர் பேங்க் இருந்தால் அது கைப்பையில், செக்-இன் பெட்டியில் கூடாது. அங்கே பிளக் பாயின்ட் மூன்று பட்டைக் கால், அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும். பெட்டியைப் பிள்ளையே அடுக்கட்டும். நாம் அடுக்கினால் எது எங்கே என்று தெரியாமல் ஹோட்டலில் எல்லாவற்றையும் கொட்டும், திரும்பும்போது மூடவே மூடாது.

கையில் எவ்வளவு பணம் கொடுப்பது?

சாப்பாடும் நுழைவுச் சீட்டும் கட்டணத்தில் அடக்கம் என்றால் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. எல்லாப் பெற்றோரும் சேர்ந்து ஒரே உச்சவரம்பு வைப்பது நல்லது. ஒருவர் பிள்ளை முஸ்தபா கடையில் கூடை நிறைய வாங்கும்போது இன்னொரு பிள்ளை வாசலில் நிற்பது பார்க்க நன்றாக இருக்காது. கொஞ்சம் சிங்கப்பூர் டாலர் நோட்டாக, மிச்சம் வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டில். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கார்டு பெற்றோர் கையெழுத்தோடு, பான் விவரத்தோடு கிடைக்கும். உங்கள் பேங்க் கிளையிலேயே கேளுங்கள், இல்லையென்றால் ஒசூர். ஜிபே அங்கே எல்லாக் கடையிலும் ஓடும் என்று நம்ப வேண்டாம்.

தினமும் எத்தனை தடவை போன் செய்யலாம்?

ஒரு தடவை. அதுவும் பிள்ளை செய்யட்டும், நாம் வேண்டாம். அங்கே நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாம் வேலை முடிந்து சாப்பிட்டு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அங்கே பதினொன்றரை, பிள்ளையும் தூங்கியிருக்கும், மிஸ்ஸும் தூங்கியிருப்பார். பெற்றோர் குழுவில் தினம் ஒரு ஆசிரியர் ஒரு செய்தி போட்டால் போதும் என்று பேசி முடிவு செய்யுங்கள். ஒரு போட்டோவில் நம் பிள்ளை இல்லை என்பதற்காக “என் பையன் எங்கே மிஸ்” என்று கேட்கிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். அந்த மிஸ் அந்த நேரத்தில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்துக்கொண்டிருப்பார்.

பிள்ளை அழுதால்? முதல் ராத்திரி அழுவது சகஜம். “கிளம்பி வந்துடுறியா” என்று மட்டும் கேட்காதீர்கள், அது நடக்காத காரியம். சாப்பிட்டாயா, நாளைக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

உடம்புக்கு வந்தால், பாஸ்போர்ட் தொலைந்தால்?

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்குக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தை டாக்டர் சீட்டோடு கொடுத்தனுப்புங்கள், எது எதற்கு என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டாம், அங்கே கட்டுப்பாடு உண்டு. வீசிங், வலிப்பு, ஒவ்வாமை இருந்தால் பள்ளியிடம் மறைக்காதீர்கள். சொன்னால் அழைத்துப் போக மாட்டார்களோ என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே நடு ராத்திரியில் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. ஏற்கனவே உள்ள நோய்க்குப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் பணம் வராது. பாலிசியை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்கே போலீஸில் புகார், பிறகு கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகம். ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். பாஸ்போர்ட், விசா நகலும் இரண்டு போட்டோவும் வேறொரு பையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995, இரண்டையும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள்.

இங்கிலீஷ் சரளமாக வராதே, தடுமாறாதா?

சாங்கி விமான நிலையத்தில் பலகைகளில் தமிழும் இருக்கிறது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழ் ஒன்று. அதை விடுங்கள், நம் மாவட்டப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசி வளர்ந்தவர்கள். கூச்சம்தான் தடை. கிளம்புவதற்கு முன் இங்கேயே கடையில், பேங்கில், பஸ்ஸில் நமக்குப் பதிலாக அவர்களைப் பேச விடுங்கள்.

பெங்களூரு விமான நிலையத்துக்கு எப்போது கிளம்ப வேண்டும்?

தேவனஹள்ளி விமான நிலையம் கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து இன்னும் ஒரு 45 சேர்த்துக்கொள்ளுங்கள். தூரம் பெரிதில்லை, நடுவில் பெங்களூரு இருக்கிறது. அத்திப்பள்ளி தாண்டியதிலிருந்து சில்க் போர்டு, ஹெப்பால் என்று எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒசூரிலிருந்து மாலூர், ஒசகோட்டை வழியாக ஊருக்குள் நுழையாமல் போகும் டிரைவர்களும் உண்டு. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். சர்வதேச விமானங்கள் 2023 செப்டம்பர் முதல் இரண்டாவது டெர்மினலில். பள்ளியே பஸ் வைத்தால் அதிலேயே அனுப்பிவிடுங்கள். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள். பத்து பேர் வேன் பிடித்துப் போனாலும் வாசலோடு கையாட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வகுப்பில் எல்லோரும் போகிறார்கள், எங்களால் முடியாது. என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். “இந்த வருஷம் நம்மால் முடியாது” என்று தொகையோடு சேர்த்துச் சொன்னால் பதினாலு வயதுப் பிள்ளைக்குப் புரியும். ஜாதகம் சரியில்லை, கிரகம் சரியில்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். உண்மையில் எல்லோரும் போவதும் இல்லை, எங்கள் மகள் வகுப்பில் பாதிப் பேர்கூடப் போகவில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, அதுவும் செலவில்லாமல். இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படம் போன்ற போட்டிகளில் மாநில அளவில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைப் பள்ளிக்கல்வித் துறையே வெளிநாடு அழைத்துப் போகிறது. 2022 நவம்பரில் துபாய்க்கும் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கும் போய் வந்தார்கள். போட்டி பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம் என்று மேலே போகும். ஆசிரியர் பெயர் கேட்கும்போது பிள்ளையைக் கொடுக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆகும் ஆவணங்களை முன்னாடியே சரிசெய்து வைத்திருந்தால் கடைசி நேரத்தில் ஓட வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

துணி துவைக்க வேண்டும், நிறைய. மிச்சம் இருக்கும் டாலரை மாற்றுங்கள், கார்டில் மிச்சம் இருந்தால் திரும்ப எடுங்கள், டிசிஎஸ் சான்றை வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பீரோக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். என்ன பார்த்தாய், என்ன கற்றுக்கொண்டாய் என்று முதல் நாளே உட்கார வைத்துக் கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்பதற்கு மேல் ஒன்றும் வராது. பத்து நாள் கழித்து, குருமா தாளிக்கும்போது பின்னால் வந்து நின்று தானாகச் சொல்ல ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் முதலில் வந்த கதை, ராத்திரி யார் குறட்டை விட்டார்கள் என்பது.